சில்க் போர்டில் மிச்சமாகும் பெட்ரோல்

பெங்களூரின் நெரிசல் ஹைபிரிட் காருக்காகவே அமைந்தது போலிருக்கிறது. ஆனால் கொடுத்த கூடுதல் விலை அங்கே திரும்பி வருகிறதா?

திங்கள்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே ஓசூர் சாலை விழித்துக்கொள்கிறது. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் இரவெல்லாம் ஓடிவந்த ஆம்னி பஸ்கள் அத்திப்பள்ளியைத் தாண்டி, பொம்மசந்திராவில் நாலு பேர், எலெக்ட்ரானிக் சிட்டியில் பத்துப் பேர் என்று இறக்கிவிட்டு, மிச்சமுள்ளவர்களைச் சில்க் போர்டிலும் மடிவாளாவிலும் கொட்டிவிட்டுப் போகின்றன. தோளில் லேப்டாப் பை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டில். இன்னும் மூன்று மணி நேரம் கழித்து அதே இடத்தில் பஸ்ஸும் நகராது, காரும் நகராது.

பட்டுப்புழு வளர்ப்பைக் கவனிக்கும் மத்திய அரசு வாரியத்தின் அலுவலகம் இருப்பதால் அந்தச் சந்திப்புக்குச் சில்க் போர்டு என்று பெயர். பட்டுக்கும் அந்த இடத்துக்கும் இன்று வேறு எந்தச் சம்பந்தமும் தெரியவில்லை. ஓசூர் சாலையும் வெளிவட்டச் சாலையும் முட்டிக்கொள்ளும் இடம் அது. மேலே மெட்ரோ, நடுவில் 2024 ஜூலையில் ஒரு பக்கம் திறக்கப்பட்ட இரட்டை அடுக்கு மேம்பாலம், கீழே பழைய நெரிசல். அரசாணைப்படி 2014 நவம்பரிலிருந்து ஊரின் பெயர் பெங்களூரு. தமிழர் வாயில் இன்னும் பெங்களூர்தான். பெயர் எதுவானாலும் வேகம் ஒன்றே. உலக நகரங்களின் போக்குவரத்தை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் கணக்கில் 2022-ல் பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. லண்டனுக்கு அடுத்த இரண்டாம் இடம். 2024-க்கான கணக்கில் அதே 10 கிலோமீட்டருக்கு 34 நிமிடம் 10 விநாடி. மணிக்குப் பதினேழரை கிலோமீட்டர்; நன்றாக மிதிக்கிற சைக்கிள்காரர் தோற்க மாட்டார்.

இந்த ஊர்வலத்தில் சமீப வருடங்களாக ஒரு புது வகைக் கார் கலந்து நிற்கிறது. பக்கத்துக் கார்கள் உறுமிக்கொண்டும் அதிர்ந்துகொண்டும் நிற்க, இது சத்தமில்லாமல் நிற்கிறது. சிக்னல் பச்சையானதும் சத்தமில்லாமலே பத்தடி நகர்கிறது. பின்பக்கக் கதவில் 'ஹைபிரிட்' என்ற எழுத்து. அந்த எழுத்துக்காக அதன் சொந்தக்காரர் லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். கொடுத்தது பெட்ரோலில் திரும்பி வருமா என்பது பெங்களூரின் அப்பார்ட்மென்ட் லிஃப்ட்டுகளிலும் அலுவலகக் கேண்டீன்களிலும் அடிக்கடி அடிபடும் கேள்வி.

ஹைபிரிட் என்ற சொல் பெங்களூருக்குப் புதிதல்ல. காய்கறி, பூ விதைகளில் கலப்பினத்தை இந்தியாவில் வியாபாரமாக்கிய இந்தோ-அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் 1965-ல் இங்கேதான் தொடங்கியது. ஹைபிரிட் தக்காளி விதை வாங்கும் கிருஷ்ணகிரி விவசாயியும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்: விதைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் மகசூலில் வருமா? அவருக்கு ஒரே போகத்தில் பதில் தெரிந்துவிடும். கார்க்காரருக்குத் தெரியப் பல வருடங்கள் ஆகும்.

காரில் கலந்திருப்பவை பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும். சாதாரணக் காரில் பிரேக் போடும்போது ஓட்டத்தின் சக்தி முழுவதும் சூடாகி வீணாகிறது. ஹைபிரிட்டில் பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி அந்தச் சக்தியில் ஒரு பகுதியைப் பிடித்து பேட்டரியில் போடுகிறது. அடுத்த தடவை நகரும்போது அதே மின்சாரம் காரைத் தள்ளுகிறது. நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. ஊர்ந்து செல்லும்போதும் பெரும்பாலும் அணைந்தே இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினுக்குப் பிடிக்காத வேலை ஊர்வதும் நின்று கிளம்புவதும்தான். அந்த வேலையை மோட்டாரிடம் விட்டுவிட்டு, தனக்குச் சௌகரியமான வேகத்தில் மட்டும் எஞ்சின் உழைக்கிறது. ஐகேட் சோதனைப்படி தன் ஹைபிரிட் கார்கள் 40 சதவீதத் தூரத்தையும் 60 சதவீத நேரத்தையும் எஞ்சின் ஓடாமலே கடப்பதாக டொயோட்டா சொல்கிறது. சில்க் போர்டில் அந்த நேர விகிதம் இன்னும் கூடினால் ஆச்சரியமில்லை.

பேட்டரி பெரிதாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். டொயோட்டா ஹைரைடரின் ஹைபிரிட் மாடலில் உள்ள பேட்டரியின் கொள்ளளவு 0.76 யூனிட். வீட்டு மீட்டர் கணக்கில் ஒரு யூனிட்கூட இல்லை. வயரைச் செருகிச் சார்ஜ் செய்யவும் வழி கிடையாது. அதன் வேலை சேமித்துவைப்பதல்ல, வாங்கிக் கொடுப்பது. நிமிடத்துக்கு மூன்று முறை பிரேக் போடும் ஊரில் அதற்கு ஓய்வே இருக்காது. இன்னொரு சௌகரியமும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் பெங்களூரில் வருடத்தில் பாதி நாள் ஏசி இல்லாமலே ஓட்டலாம். சென்னையின் மே மாதத்தில் அண்ணா சாலையில் நிற்கும் ஹைபிரிட், ஏசிக்கு மின்சாரம் கொடுப்பதற்காகவே அடிக்கடி எஞ்சினை எழுப்ப வேண்டியிருக்கும்.

இந்தக் கார்கள் பிறக்கும் இடமும் பெங்களூருக்கு வெளியேதான் இருக்கிறது. மைசூர் சாலையில் கெங்கேரியைத் தாண்டிப் போனால் பிடதி. தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு அந்தப் பெயர் ஒரு ஆசிரமத்தின் மூலம் பழக்கம். கன்னடர்களுக்கு அது தட்டே இட்லியின் ஊர். ஒரு தட்டுக்கு ஒரு இட்லி, மேலே உருகும் வெண்ணெய். வேன் வேனாகப் பள்ளிப் பிள்ளைகள் வருவது வொண்டர்லாவுக்கு. இவற்றுக்கு நடுவே டொயோட்டா கிர்லோஸ்கரின் தொழிற்சாலை 432 ஏக்கரில் பரந்திருக்கிறது. 1999 டிசம்பரில் குவாலிஸ் இங்கிருந்து வெளிவரத் தொடங்கியது; 2005-ல் இன்னோவா. தமிழ்நாட்டின் கல்யாண வீடுகளும் கட்சி ஆபீஸ்களும் அந்த இரண்டையும் எப்படித் தத்தெடுத்துக்கொண்டன என்பது தனிக் கதை.

உலகில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் காரான பிரியஸை டொயோட்டா 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. அது இந்தியாவுக்கு வர 2010 ஆனது. முழுக்க இறக்குமதி, விலை 26 லட்சத்துக்கு மேல். வாங்க ஆளில்லை. அதற்கு முன்பே, 2008-ல், ஹோண்டா தன் சிவிக் ஹைபிரிட்டை 21.5 லட்சத்துக்குக் கொண்டுவந்து, ஷோரூமில் தூசி படிவதைப் பார்த்து, அதே வருடம் விலையை ஒரேயடியாக 8 லட்சம் குறைத்தது. உடனே கையிருப்பு கரைந்தது. ஹைபிரிட்டின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு இந்திய வாடிக்கையாளர் அன்றைக்கே ஒரு பதில் சொல்லிவிட்டார்.

2013-ல் கேம்ரி ஹைபிரிட் பிடதியிலேயே பூட்டப்பட்டது. 2015-ல் மத்திய அரசின் ஃபேம் திட்டம் ஹைபிரிட்டுக்கு மானியம் கொடுத்தது. கேம்ரிக்கு 70,000 ரூபாய். பெயரளவுக்கு மட்டும் ஹைபிரிட்டான மாருதி சியாஸுக்கும் 13,000 ரூபாய். 2017 ஏப்ரலில் சியாஸ் போன்றவற்றுக்கு அது நிறுத்தப்பட்டது. ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஹைபிரிட் வரி செஸ்ஸோடு சேர்ந்து 43 சதவீதமானது. அதற்கு முன் சுமார் 30. இரண்டரை வருடங்களுக்குள் ஒரே அரசாங்கம் ஒரே காரைத் தட்டிக்கொடுத்து, பிறகு தலையில் குட்டிய கதை இது.

உண்மையான விற்பனை 2022-ல்தான் தொடங்கியது. அந்த செப்டம்பரில் ஹைரைடர்; அதன் இரட்டைப் பிறவியான மாருதியின் கிராண்ட் விட்டாராவும் பிடதியிலேயே தயாரானது. நவம்பர் 25-ல் இன்னோவா ஹைக்ராஸ் அறிமுகமானது. அந்த மேடையில் நின்ற விக்ரம் கிர்லோஸ்கர் நான்கு நாளில், நவம்பர் 29 அன்று, பெங்களூரில் மாரடைப்பால் காலமானார். டொயோட்டாவைக் கர்நாடகத்துக்கு அழைத்துவந்தவர்களில் முக்கியமானவர் அவர்.

இனி காசுக் கணக்கு. ஹைரைடரை எடுத்துக்கொள்வது வசதி. ஒரே வேரியன்ட் மூன்று வடிவத்தில் வந்தது. 2022 அறிமுக விலைப்படி 'வி' வேரியன்ட், கையால் கியர் போடுவது 15.89 லட்சம், ஆட்டோமேடிக் 17.09 லட்சம், ஹைபிரிட் 18.99 லட்சம். பிறகு விலைகள் ஏறின, 2025 செப்டம்பரின் ஜிஎஸ்டி மாற்றத்தில் இறங்கின. கணக்கின் போக்கைப் பார்க்க அறிமுக விலையே போதும். ஹைபிரிட்டில் கிளட்சும் கிடையாது, கியர் மாற்றும் வேலையும் கிடையாது. ஆகவே அதை ஆட்டோமேடிக்கோடு ஒப்பிடுவதுதான் நியாயம். வித்தியாசம் 1.90 லட்சம்.

ஆனால் அது ஷோரூம் விலை. கர்நாடகத்தில் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 17 சதவீதம், அந்த வரியின் மேல் 11 சதவீத செஸ். ஹைபிரிட்டுக்கு எந்தச் சலுகையும் இல்லை. கூடுதல் விலைக்கும் இந்த வரி உண்டு என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 1.90 லட்சத்தின் மேல் சுமார் 36,000 ரூபாய் ஏறி, வித்தியாசம் 2.26 லட்சமாகிறது.

மைலேஜ்? சான்றிதழில் ஆட்டோமேடிக்குக்கு லிட்டருக்கு 20.58 கி.மீ., ஹைபிரிட்டுக்கு 27.97. பெட்ரோல் மீதான விற்பனை வரியைக் கர்நாடக அரசு 2024 ஜூனில் 25.92-லிருந்து 29.84 சதவீதமாக உயர்த்தியபோது பெங்களூரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஏறியது. லிட்டர் 103 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆட்டோமேடிக்குக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய், ஹைபிரிட்டுக்கு 3 ரூபாய் 68 காசு. மிச்சம் 1 ரூபாய் 32 காசு. அந்த வேகத்தில் 2.26 லட்சத்தை மீட்க ஏறக்குறைய 1,71,000 கி.மீ. ஓட வேண்டும். வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 14 வருடம். பேட்டரிக்கு டொயோட்டா கொடுக்கும் உத்தரவாதம் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ.; எது முதலில் வருகிறதோ அது. போட்ட பணம் திரும்பும் நாளில் பேட்டரியின் உத்தரவாதம் எப்போதோ முடிந்திருக்கும். கையால் கியர் போடும் மாடலோடு ஒப்பிட்டால் நிலைமை இன்னும் மோசம். 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். நிலவுக்குப் போகும் தூரத்தில் முக்கால்வாசிக்கும் மேல்.

இந்த இடத்தில் ஹைபிரிட் ஆதரவாளர்கள் குறுக்கிடுவார்கள். அது நியாயமான குறுக்கீடும்கூட. சான்றிதழ் மைலேஜ் சோதனைக்கூடத்தில் எடுத்தது. மாரத்தஹள்ளியில் யாரும் சோதனைக்கூடத்தில் ஓட்டுவதில்லை. நெரிசலில் சாதாரண ஆட்டோமேடிக்கின் மைலேஜ் பாதியாகச் சரிகிறது. ஹைபிரிட்டும் சரிகிறது, ஆனால் அவ்வளவு இல்லை. ஊருக்குள் முன்னது 10, பின்னது 20 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 15 காசாக எகிறுகிறது. 44,000 கி.மீ. ஓடினால் முதல் கைக்கு வந்துவிடும். சான்றிதழ் கணக்கில் கிடைத்ததைவிட நாலில் ஒரு பங்கு தூரம்.

இதுவரை ஹைபிரிட்டுக்கு வெற்றி. ஆனால் நெரிசல் ஒரு கையால் கொடுப்பதை இன்னொரு கையால் எடுத்துக்கொள்கிறது. மணிக்குப் பதினேழரை கிலோமீட்டர் வேகத்தில் யாரால் நிறையத் தூரம் ஓட்ட முடியும்?

எச்எஸ்ஆர் லேஅவுட்டில் வீடு, 12 கி.மீ. தள்ளி வெளிவட்டச் சாலையில் அலுவலகம் என்று ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். போகவர 24 கி.மீ., கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். வாரம் ஐந்து நாள் போனால் வருடத்துக்கு 5,760 கி.மீ.; பெட்ரோலில் மிச்சம் 30,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. ஏழரை வருடத்தில் கணக்கு நேராகும். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு பெங்களூரில் இன்னொரு ஹைபிரிட் வந்து உட்கார்ந்துவிட்டது: வாரம் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு. அதற்கும் ஹைபிரிட் என்றுதான் பெயர். அந்த ஹைபிரிட் இந்த ஹைபிரிட்டின் காலை வாருகிறது. மூன்று நாள் என்றால் ஓட்டம் வருடத்துக்கு 3,456 கி.மீ.தான். மிச்சம் 17,800 ரூபாய். கூடுதலான 2.26 லட்சத்தையும் பேங்க் கடனில் போட்டிருந்தால், 9 சதவீத வட்டியில் முதல் வருட வட்டியே 20,000 ரூபாய். பெட்ரோல் பங்க்கில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக பேங்க் எடுத்துக்கொள்கிறது.

மாதம் ஒருமுறை சேலத்துக்கு அப்பா, அம்மாவைப் பார்க்கப் போகிறார்கள் என்று சேர்த்தாலும் பெரிய மாற்றம் இல்லை. ஓசூரைத் தாண்டியதும் பிரேக்குக்கு வேலை குறைகிறது. பிரேக் போடாவிட்டால் பிடித்துவைக்கச் சக்தியும் இல்லை. ஒரே சீராக 90-ல் ஓடும் காரில் மோட்டாரும் பேட்டரியும் ஓரளவுக்கு வெறும் சுமைதான். நெடுஞ்சாலையில் ஆட்டோமேடிக்குக்கு 18, ஹைபிரிட்டுக்கு 22 என்று கொண்டால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் மிச்சம். வருடம் 4,800 கி.மீ.க்கு 5,000 ரூபாய். பத்து வருடத்தில் முதல் திரும்பும், வட்டி நீங்கலாக. 2023 மார்ச்சில் பிரதமர் திறந்துவைத்த பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலைக்கும் இதே கதை. பிடதியில் செய்த ஹைபிரிட், பிடதி வாசலில் ஓடும் சாலையில்தான் தன் திறமையைக் காட்ட முடியாமல் தவிக்கிறது.

நிறையத் தூரம் ஓடுபவை டாக்ஸிகள். ஹெப்பாளுக்கு அப்பால் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் பகலும் இரவும் பறக்கும் மஞ்சள் போர்டு கார் வருடத்துக்கு 50,000 கி.மீ. சர்வசாதாரணமாகத் தொடும். ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் மிச்சமானால்கூட இரண்டு வருடத்துக்குள் ஹைபிரிட்டின் கூடுதல் விலை வசூலாகிவிடும். அப்படியானால் டாக்ஸிக்காரர்கள் ஏன் ஹைபிரிட்டுக்கு வரிசையில் நிற்கவில்லை? கணக்கில் அவர்கள் மற்றவர்களைவிடக் கெட்டி. மாருதியின் சிஎன்ஜி மாடல்களுக்குப் பெட்ரோல் மாடலைவிட 95,000 ரூபாய் அளவில்தான் கூடுதல். டிக்கியில் சிலிண்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும், பெட்டிகளைக் கூரையில் கட்ட வேண்டும், சிஎன்ஜி பங்க்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்குப் பெங்களூர் டாக்ஸிக்காரருக்குப் பயிற்சி உண்டு. பெரிய வண்டி வேண்டுமென்றால் டீசல் கிரிஸ்டா. ஹைக்ராஸ் வந்த சமயத்தில் கிரிஸ்டாவை நிறுத்திவைத்த டொயோட்டாவே 2023-ல் டீசலில் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஹைக்ராஸின் கணக்கு வேறு மாதிரிச் சிக்கல். சாதாரண பெட்ரோலில் லிட்டருக்கு 16.13 கி.மீ., ஹைபிரிட்டில் 23.24. பாய்ச்சல் பெரிதுதான். ஆனால் ஒரே வேரியன்ட்டில் இரண்டும் வரவில்லை. அறிமுக விலையில் பெட்ரோல் 18.30 லட்சத்தில் தொடங்கியது, ஹைபிரிட் 24.01 லட்சத்தில். நடுவில் உள்ள ஐந்தே முக்கால் லட்சத்தில் மோட்டாருக்கு எவ்வளவு, மேல்மட்ட வேரியன்ட்டின் அலங்காரங்களுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வாங்குபவரால் முடியாது. 20 லட்சத்தைத் தாண்டியதும் கர்நாடக வரி 17-லிருந்து 18 சதவீதமாகிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரியும்.

வரிதான் இந்தக் கதையின் மறைந்திருக்கும் பாத்திரம். 2024 ஜூலையில் உத்தரப் பிரதேச அரசு ஹைபிரிட் கார்களின் பதிவு வரியை முழுமையாக ரத்து செய்தது. மின்கார் தயாரிப்பவர்கள் எதிர்த்தார்கள். ஆக, பிடதியில் செய்து லாரியில் ஏற்றி லக்னோவுக்குக் கொண்டுபோன காருக்கு அப்போது பதிவு வரி இருக்கவில்லை. அதே காரைத் தொழிற்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ராமநகரத்தில் பதிவுசெய்தவர் மூன்று லட்சத்துக்கு மேல் கட்டினார். தமிழ்நாட்டிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20. டெல்லியின் பங்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22 வரை ஹைபிரிட்டுக்கு 43, சாதாரணப் பெரிய கார்களுக்கு 45 முதல் 50 சதவீதம் என்று சிறிய சலுகையாவது இருந்தது. அன்றிலிருந்து பெரிய கார் எதுவானாலும் 40. ஹைபிரிட்டின் விலையும் இறங்கியது, ஆனால் போட்டிக் கார்களின் விலை அதைவிட அதிகமாக இறங்கியது.

மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். மின்கார் விஷயத்தில் பெங்களூருக்கு ஒரு பரம்பரைப் பெருமையும் உண்டு. சேத்தன் மைனியின் ரேவா 2001-ல் இங்கிருந்துதான் வந்தது; லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் நெரிசல் கட்டணம் கட்டாமல் ஓடியது. 2010-ல் மஹிந்திரா அதை வாங்கியது. மின்வாகனத்துக்கென்று 2017-ல் முதலில் கொள்கை வகுத்த மாநிலமும் கர்நாடகம்தான். வீட்டில் சார்ஜ் செய்ய முடிந்தவருக்கு யூனிட் 7 ரூபாய் என்றாலும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் செலவு. ஹைபிரிட் எவ்வளவு சிக்கனமாக ஓடினாலும் கிட்டே வர முடியாது. 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 2024-ல் கர்நாடகம் 10 சதவீத வரி போட்ட பிறகும் அப்படித்தான். கேள்வி சார்ஜ் செய்யும் இடம். தனி வீட்டுக்காரருக்குச் சுலபம். மாடி வாடகை வீட்டில் இருந்துகொண்டு தெருவில் காரை நிறுத்துபவர் மூன்றாம் மாடியிலிருந்து வயர் இழுக்க முடியாது. ஹைபிரிட் வேண்டுமென்று கேட்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு அது மின்காருக்குப் பதிலாக வருகிறது. பெட்ரோல் காரோடு போடும் கணக்கு அவர்களுக்குப் பாதிக் கணக்குத்தான்.

மறுவிற்பனையையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும் கரைவதில்லை. விற்கும்போது ஒரு பகுதி திரும்பும். டொயோட்டா பழைய கார் சந்தையில் மதிப்புள்ள பெயர். ஆனால் உத்தரவாதம் முடியப்போகும் பேட்டரியோடு வரும் காருக்கு வாங்குபவர் என்ன விலை சொல்வார் என்பதற்கு இங்கே அனுபவம் குறைவு. 2022-ல் விற்ற கார்களுக்கு எட்டு வருடம் 2030-ல்தான் முடியும்.

எல்லாம் கூட்டிக் கழித்தால் ஹைபிரிட்டால் பெங்களூரில் தெளிவாக லாபம் அடையக்கூடியவர் எப்படிப்பட்டவர்? தினமும் 40 கி.மீ., வருடத்தில் 300 நாள், முழுக்க நெரிசலிலேயே ஓட்டுபவர். பிள்ளைகளை ஒரு மூலையில் பள்ளியில் விட்டு, இன்னொரு மூலையில் வேலைக்குப் போய், மாலையில் வேறு வழியாகத் திரும்புபவர். வருடத்துக்கு 12,000 கி.மீ., மிச்சம் 61,800 ரூபாய். மூன்றே முக்கால் வருடத்துக்குள் முதல் கைக்கு வந்துவிடும். அதன் பிறகு சுத்த லாபம். அந்த லாபத்துக்காக அவர் காருக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம், டாம்டாம் வேகப்படி, வருடத்துக்கு 680 மணிக்கு மேல். இரவு பகல் சேர்த்து 28 நாள்.

அத்தனை கணக்குக்குப் பிறகும் வாங்குகிறார்கள். ஹைக்ராஸின் உச்ச வேரியன்ட்டுகளுக்கு ஆர்டர் குவிந்து, 2023 ஏப்ரலில் டொயோட்டா அவற்றுக்கான முன்பதிவையே நிறுத்தியது. அடுத்த வருடம் திறந்து, மே மாதம் மறுபடி நிறுத்தியது. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் உண்டு. இவர்கள் எல்லோரும் கால்குலேட்டரோடு ஷோரூமுக்குப் போனவர்களாக இருக்க முடியாது. கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்தவர்கள் அந்த வரிசையில் கணிசமாக இருப்பார்கள். சில்க் போர்டில் நாற்பது நிமிடம் நிற்கும்போது எஞ்சின் சத்தம் இல்லாமல் இருப்பதற்கு என்ன விலை என்று எந்தச் சான்றிதழிலும் போட்டிருக்கவில்லை.